சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் பாதுகாப்பும் கரைச் சீரமைப்பும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடா அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் பெருங்கடலையொட்டி அமைந்த கழிமுக விரிகுடா ஆகும். சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, சான் ஓசே முதலிய நகரங்கள் இதைச் சூழ்ந்துள்ளன. 1850க்குப் பிந்தைய நூறாண்டுகளில், மண்ணும் குப்பையும் கொட்டி நிரப்பியதாலும் கரை கட்டி அடைத்ததாலும் இவ்விரிகுடா தன் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. 1961இல் தொடங்கிய மக்கள் இயக்கமும் 1965இல் இயற்றப்பட்ட சட்டமும் இந்தச் சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தின. அதன் பின் கழிவுநீரைத் தூய்மையாக்குதல், உப்பளங்களை மீண்டும் சதுப்பு நிலமாக்குதல், கரையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுதல் ஆகிய பணிகள் நடந்து வருகின்றன.

நிரப்புவதை நிறுத்தச் சட்டம் போதுமானதாக இருந்தது. இழந்த சதுப்பு நிலத்தை மீட்பதற்கோ வண்டலும் காலமும் வேண்டும். கடல்மட்டம் உயர்ந்துவரும் இந்நாளில் இவ்விரண்டுமே குறைவாக உள்ளன. இதுவே விரிகுடாச் சீரமைப்பின் இன்றைய முதன்மைச் சிக்கலாகும்.

புவியியல் அமைப்பு

விரிகுடா கோல்டன் கேட் என்னும் நீரிணையின் வழியாகப் பெருங்கடலோடு இணைகிறது. மிகக் குறுகிய இடத்தில் இதன் அகலம் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் மட்டுமே. சியரா நெவாடா மலைத்தொடரில் பெய்யும் மழையும் உருகும் பனியும் சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் ஆகிய ஆறுகளின் வழியாக விரிகுடாவை வந்தடைகின்றன. கலிபோர்னியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பகுதியின் நீர் இவ்வழியே கடலுக்கு வடிகிறது. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் இங்கே கலக்கின்றன.

நீரிணையில் ஆழம் 100 மீட்டரைத் தாண்டினாலும், விரிகுடாவின் பெரும்பகுதி 6 மீட்டருக்கும் குறைவான ஆழமே உடையது. ஆழம் குறைவாக இருப்பதே இதன் வளத்துக்குக் காரணம். பிற்காலத்தில் இதற்கு நேர்ந்த ஆபத்துக்கும் அதுவே காரணமாயிற்று. ஆழமில்லாத நீர்ப்பரப்பை நிரப்பி நிலமாக்குவது எளிது, செலவும் குறைவு.

ஓதச் சதுப்பு நிலம்

நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறி வற்றுகிறது. ஏற்ற நீர் நுண்ணிய வண்டலைச் சுமந்துகொண்டு கரையோரத் தாழ்நிலங்களில் பரவுகிறது. அங்கே தாழ்ந்த மட்டத்தில் ஸ்பார்டினா என்னும் புல்லும், சற்று உயர்ந்த மட்டத்தில் உமரி இனத்தைச் சேர்ந்த சதைப்பற்றுள்ள செடிகளும் வளர்கின்றன. இவற்றின் தண்டுகள் நீரோட்டத்தைத் தணிப்பதால் வண்டல் அடியில் படிகிறது. இறந்த வேர்களும் இலைகளும் அதனுடன் சேர்கின்றன. இவ்வாறு சதுப்பு நிலம் தன்னைத் தானே சிறிது சிறிதாக உயர்த்திக்கொள்கிறது. போதிய வண்டல் கிடைக்கும் வரை, மெதுவாக உயரும் கடலுக்கு ஈடாக அதுவும் உயரும்.

இந்நிலங்கள் பல பயன்களைத் தருகின்றன. புயற்காலத்தில் அலைகளின் வேகத்தைத் தணித்து, பின்னால் உள்ள கரைகளையும் வீடுகளையும் காக்கின்றன. மீன் குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் புகலிடமாகின்றன. சேற்றில் கார்பனைச் சேமிக்கின்றன. அலாஸ்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே செல்லும் பசிபிக் வலசைப் பாதையில், இலட்சக்கணக்கான கரைப்பறவைகளும் வாத்துகளும் இங்கே இறங்கி இரை தேடுகின்றன.

ஓலோனி உள்ளிட்ட தொல்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இக்கரையில் வாழ்ந்து வந்துள்ளனர். அவர்கள் உண்டு போட்ட சிப்பிகளும் கிளிஞ்சல்களும் குவிந்த மேடுகள் கரை நெடுகிலும் இருந்தன. இறந்தோரையும் அம்மேடுகளில் அடக்கம் செய்தனர். 1909இல் நெல்ஸ் நெல்சன் என்னும் தொல்லியலாளர் இத்தகைய 400க்கும் மேற்பட்ட மேடுகளை வரைபடத்தில் குறித்தார். பின்னர் அவற்றுள் பெரும்பாலானவை கட்டடங்களுக்காகத் தரைமட்டமாக்கப்பட்டன.

விரிகுடா சுருங்கிய வரலாறு

தங்கச் சுரங்க வண்டல்

1848இல் சியரா நெவாடா அடிவாரத்தில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஆயிரக்கணக்கானோர் கப்பல்களில் வந்து குவிந்தனர். மாலுமிகளும் தங்கம் தேடிச் சென்றதால், கைவிடப்பட்ட பல கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்திலேயே நின்றுபோயின. அவற்றில் சில அப்படியே மண்ணில் புதைக்கப்பட்டு, அவற்றின் மேல் தெருக்கள் எழுந்தன. இன்றைய நகரத்தின் நிதி வணிகப் பகுதி இவ்வாறு நிரப்பப்பட்ட குடாவின் மேல் அமைந்துள்ளது.

1850களில் நீர்ப்பீச்சுச் சுரங்க முறை தோன்றியது. பெரிய குழாய்களில் நீரைப் பாய்ச்சி மலைச்சரிவுகளைக் கரைத்துத் தங்கம் பிரித்தனர். கரைந்த மண் ஆறுகளின் வழியே விரிகுடாவை அடைந்து அதன் அடித்தளத்தை மேடாக்கியது. ஆற்றோர விவசாயிகளின் வயல்களும் மண்ணில் மூழ்கின. அவர்கள் தொடுத்த வழக்கில் 1884இல் நீதிபதி லோரன்சோ சாயர் அளித்த தீர்ப்பு, சுரங்கக் கழிவை ஆற்றில் கொட்டுவதைத் தடை செய்தது. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசமும் அந்த மண்ணோடு வந்து சேர்ந்தது. தென்கரைக்கு அருகிலிருந்த நியூ அல்மடேன் பாதரசச் சுரங்கத்திலிருந்தும் மழைநீரோடு பாதரசம் வந்தது. விரிகுடாவின் சிலவகை மீன்களை அளவோடு உண்ண வேண்டும் என்று இன்றும் எச்சரிக்கப்படுவதற்கு இப்பாதரசம் ஒரு காரணமாகும்.

கரை கட்டுதலும் நிரப்புதலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாநில அரசு ஓதநிலங்களையும் ஆழமற்ற நீர்ப்பகுதிகளையும் தனியாருக்கு விற்றது. வடக்கே சதுப்பு நிலங்கள் கரை கட்டி அடைக்கப்பட்டு விளைநிலங்களாயின, தெற்கே உப்பளங்களாயின. விமான நிலையங்கள், துறைமுகங்கள், நெடுஞ்சாலைகள், குடியிருப்புகள் ஆகியவற்றுக்காகவும் நீர்ப்பரப்பு நிரப்பப்பட்டது. பல ஊர்கள் தங்கள் குப்பையை விரிகுடா ஓரத்திலேயே கொட்டின. 1850க்கு முன் ஏறத்தாழ 1,90,000 ஏக்கராக இருந்த ஓதச் சதுப்பு நிலம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 40,000 ஏக்கராகக் குறைந்திருந்தது.

இதைவிடப் பெரிய திட்டங்களும் முன்வைக்கப்பட்டன. நாடகத் தயாரிப்பாளரான ஜான் ரீபர், விரிகுடாவின் குறுக்கே இரு பெரும் அணைகளைக் கட்டி நன்னீர் ஏரிகளை உருவாக்கலாம் என்றார். இத்திட்டம் 1940களில் பெரும் ஆதரவு பெற்றது. இராணுவப் பொறியாளர் படை 1957இல் சாசலிட்டோ நகரில் விரிகுடாவின் மாதிரி ஒன்றைக் கட்டி, ஓதத்தை அதில் செயற்கையாக ஓடவிட்டுச் சோதித்தது. திட்டம் பயன் தராது என்பது சோதனைகளில் தெரிந்தது.

மக்கள் இயக்கம்

1959இல் இராணுவப் பொறியாளர் படையின் ஆய்வையொட்டிய வரைபடம் ஒன்று ஓக்லாந்து நாளிதழில் வெளியானது. நிரப்புதல் தொடர்ந்தால் 2020ஆம் ஆண்டளவில் விரிகுடா ஓர் ஆறு போலக் குறுகிவிடும் என்று அது காட்டியது. அதே காலத்தில் பெர்க்கிலி நகராட்சி, விரிகுடாவில் ஏறத்தாழ 2,000 ஏக்கரை நிரப்பி நகரத்தை விரிவாக்கத் திட்டமிட்டிருந்தது.

பெர்க்கிலி குன்றுகளில் வசித்த கேத்தரின் கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் ஆகிய மூன்று பெண்கள் இதை எதிர்க்க முடிவு செய்தனர். மூவரின் குடும்பங்களும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவை. 1961இல் அவர்கள் சூழல் அமைப்புகளின் தலைவர்களை குலிக்கின் வீட்டுக்கு அழைத்து நிலைமையை விளக்கினர. வந்தவர்கள் பாராட்டினார்கள், ஆனால் தங்கள் அமைப்புகளுக்கு வேறு பணிகள் இருப்பதாகவும், இதற்கெனத் தனி அமைப்பு வேண்டும் என்றும் கூறிவிட்டனர். எனவே மூவரும் தாங்களே சான் பிரான்சிஸ்கோ விரிகுடா மீட்புச் சங்கத்தைத் தொடங்கினர். உறுப்பினர் கட்டணம் ஒரு டாலர். அஞ்சலில் அனுப்பிய வேண்டுகோளுக்கு எதிர்பாராத ஆதரவு கிடைத்தது. பெர்க்கிலி நகராட்சி தன் நிரப்புத் திட்டத்தைக் கைவிட்டது.

ஒரு நகரத்தைத் தடுத்தால் மட்டும் போதாது என்பதும் விரைவில் புலப்பட்டது. கரையில் ஒன்பது மாவட்டங்களும் பல நகராட்சிகளும் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்குரிய சிறு பகுதியை நிரப்பினாலும், எல்லாம் சேர்ந்து விரிகுடாவை அழித்துவிடும். விரிகுடா முழுவதற்கும் பொறுப்பான ஓர் அமைப்பு அப்போது இல்லை.

1965ஆம் ஆண்டுச் சட்டமும் ஆணையமும்

மாநில மேலவை உறுப்பினர் யூஜின் மெக்கட்டீரும், கீழவை உறுப்பினர் நிக்கலஸ் பெட்ரிசும் கொண்டுவந்த சட்டம் 1965இல் நிறைவேறியது. இதன்படி விரிகுடா பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. முதலில் தற்காலிகமாக அமைந்த இவ்வாணையம் விரிகுடாவுக்கான முழுமையான திட்டத்தை வகுத்தது. 1969இல், ரொனால்ட் ரேகன் ஆளுநராக இருந்தபோது, ஆணையம் நிலையானதாக்கப்பட்டது. கரையோர மேலாண்மைக்கான அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1972இல்தான் வந்தது என்பதால், இவ்வாணையம் அத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

சட்டத்தின் முக்கிய விதிகள் வருமாறு:

- ஆணையத்தின் அனுமதியின்றி விரிகுடாவை நிரப்பவோ தோண்டவோ கூடாது.
- துறைமுகம் போன்று நீரோடு தொடர்புடைய தேவைகளுக்கே நிரப்ப அனுமதி உண்டு. நிலத்தில் வேறு இடம் இருக்கக் கூடாது. நிரப்பும் அளவும் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.
- கரையிலிருந்து 100 அடி வரையுள்ள நிலத்தில் நடைபெறும் கட்டுமானங்கள், பொதுமக்கள் நீரோரத்தை அடைய இயன்ற அளவு வழிவிட வேண்டும்.

சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் 2,000 ஏக்கருக்கும் மேல் நிரப்பப்பட்டு வந்தது. சட்டத்துக்குப் பின் அது பெயரளவுக்குக் குறைந்தது. 1960களில் பொதுமக்கள் செல்லக்கூடிய கரை ஏறத்தாழ 4 மைல் மட்டுமே. இன்று விரிகுடாவைச் சுற்றி 500 மைலுக்குத் திட்டமிடப்பட்ட நடைபாதையில் 350 மைலுக்கும் மேல் முடிந்துள்ளது.

நீரின் தூய்மை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகரங்களின் கழிவுநீர் போதிய சுத்திகரிப்பின்றி விரிகுடாவில் விடப்பட்டது. கோடைக்காலத்தில் பழப் பதனிடும் ஆலைகளின் கழிவும் சேர்ந்து தென்பகுதி நீரில் ஆக்சிசன் குறைந்தது. கரையில் துர்நாற்றம் வீசியது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டமும் அதையொட்டி வந்த அரசு நிதியும் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தின. நீரில் ஆக்சிசன் உயர்ந்தது, நாற்றம் நீங்கியது.

எனினும் சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. 2007 நவம்பரில் கோஸ்கோ பூசான் என்னும் சரக்குக் கப்பல் பனிமூட்டத்தில் பாலத்தின் தூணில் மோதியது. 53,000 காலனுக்கும் அதிகமான எரிஎண்ணெய் கசிந்து ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தன. 2022 கோடையில் ஹெட்டிரோசிக்மா அகாசிவோ என்னும் நுண்பாசி பெருகி, நீரைச் செம்பழுப்பு நிறமாக்கியது. ஸ்டர்ஜன் உள்ளிட்ட மீன்கள் பெருமளவில் செத்துக் கரை ஒதுங்கின. சுத்திகரித்த கழிவுநீரில் எஞ்சும் நைட்ரசனே இப்பாசிக்கு உரமாயிற்று. சுற்றிலுமுள்ள கழிவுநீர் நிலையங்கள் வறண்ட காலத்தில் வெளியிடும் நைட்ரசனைப் பத்தாண்டுகளுக்குள் 40 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று மண்டல நீர்தர வாரியம் 2024இல் ஆணையிட்டது.

சதுப்பு நில மீட்பு

இலக்கு

1999இல் அறிவியலாளர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை, விரிகுடாவில் 1,00,000 ஏக்கர் ஓதச் சதுப்பு நிலம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2015இல் இவ்வறிக்கை திருத்தப்பட்டபோது, பணிகளை 2030க்குள் விரைவுபடுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தது. கடல்மட்டம் வேகமாக உயரத் தொடங்கும் முன்பே செடிகள் வேரூன்றி நிலம் மேடாகிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை.

உப்பளங்கள்

2003இல் கூட்டாட்சி அரசும் மாநில அரசும், தனியார் அறக்கட்டளைகளின் உதவியோடு, கார்கில் நிறுவனத்திடமிருந்து 16,500 ஏக்கர் உப்பளங்களை 10 கோடி டாலருக்கு வாங்கின. இவற்றில் 15,100 ஏக்கர் தென்பகுதியில் உள்ளது. இங்கு நடைபெறும் தென் விரிகுடா உப்பள மீட்புத் திட்டம் ஏறத்தாழ 50 ஆண்டுகளில் முடிக்கத் திட்டமிடப்பட்டது.

பணியின் அடிப்படை எளியது. உப்பளத்தின் கரையை உடைத்து ஓதநீரை உள்ளே விட வேண்டும். நீர் கொண்டுவரும் வண்டல் படிந்து தரை மேடானதும், செடிகளின் விதைகள் தாமாகவே வந்து முளைக்கும். ஆனால் கரையை உடைக்கும் முன் பல பணிகள் உள்ளன. உப்பளத்துக்குப் பின்னால் உள்ள ஊர்களை வெள்ளத்திலிருந்து காக்கப் புதிய கரை எழுப்ப வேண்டும். தேங்கியுள்ள உப்புநீரை மெல்ல மெல்ல வெளியேற்ற வேண்டும். பாதரசம் கலந்த சேறு கிளறப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூ அல்மடேன் பாதரசம் வந்து சேர்ந்த அல்விசோ பகுதியில், ஒரு பாத்தியின் கரையை உடைக்காமல், திறந்து மூடக்கூடிய மதகு அமைத்து, மீன்களிலும் பறவை முட்டைகளிலும் பாதரசத்தை அளந்து பார்த்தே நீர் விடப்பட்டது.

2006இல் அல்விசோவுக்கு அருகே மூன்று பாத்திகளின் கரைகள் முதலில் உடைக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அங்கே வண்டல் படிந்து செடிகள் வேரூன்றின.

எல்லா உப்பளங்களையும் சதுப்பாக்குவதும் சரியன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் உப்புப் பாத்திகளில் உவர்நீர் இறால்கள் பெருகுகின்றன. கோணமூக்கு உள்ளான், வெண் உப்புக்கொத்தி முதலிய பறவைகள் இப்பாத்திகளை நம்பியுள்ளன. எனவே பாத்திகளில் 50 முதல் 90 விழுக்காடு வரை சதுப்பாக்குவது, மீதியைப் பறவைகளுக்காக நீர்மட்டம் காத்துப் பராமரிப்பது என்று திட்டம் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் பறவைகளைக் கணக்கெடுத்து அடுத்த கட்டம் முடிவு செய்யப்படுகிறது.

உயிரினங்கள்

இச்சதுப்பு நிலங்களை மட்டுமே வாழிடமாகக் கொண்ட இரு விலங்குகள் இம்மீட்பின் அளவுகோலாக விளங்குகின்றன. ஒன்று ரிட்ஜ்வே கானாங்கோழியின் கலிபோர்னியத் துணையினம். மற்றொன்று ஏறத்தாழ 10 கிராம் எடையே உள்ள சதுப்பு அறுவடை எலி. இரண்டும் 1970இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களாக அறிவிக்கப்பட்டன. ஓதம் மிக உயரும் நேரத்தில் இவை மேட்டுக்கு ஏறித் தப்ப வேண்டும். சதுப்புக்குப் பின்னால் உடனே சுவரோ சாலையோ இருந்தால் அவை இரைகொல்லிகளிடம் சிக்கும். இதனால் புதிய கரைகள் செங்குத்தாக அமையாமல், சதுப்பை நோக்கிச் சாய்ந்த நீண்ட சரிவாக அமைக்கப்படுகின்றன.

மீட்புப் பணியே புதிய சிக்கலை உண்டாக்கியதும் உண்டு. 1970களில் ஓரிடத்தில் சதுப்பை விரைவாக உருவாக்க, அட்லாண்டிக் கரையின் ஸ்பார்டினா வகை கொண்டுவந்து நடப்பட்டது. அது உள்ளூர் வகையுடன் கலந்து, இரண்டையும்விட வேகமாகப் பரவும் கலப்பினமாயிற்று. பறவைகள் இரை தேடும் சேற்றுவெளிகளை இக்கலப்பினம் மூடியது. அதைக் களையும் பணி 2000ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. ஆனால் கானாங்கோழிகள் அடர்ந்த அக்கலப்பினப் புல்லிலும் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. எனவே சில இடங்களில் களையெடுப்பை நிறுத்தி, உள்ளூர்ச் செடிகளை நட்டு வளர்த்த பிறகே தொடர வேண்டியதாயிற்று.

வண்டல் பற்றாக்குறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரிகுடாவுக்கு வண்டல் மிகுதி சிக்கலாயிற்று. இன்று வண்டல் குறைவே சிக்கல். சுரங்க மண்ணில் பெரும்பகுதி கடலுக்குப் போய்விட்டது. ஆறுகளின் மேல்பகுதியில் கட்டிய அணைகள் புதிய மண்ணைத் தடுக்கின்றன. 1999ஐ ஒட்டி விரிகுடா நீரில் மிதக்கும் வண்டலின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததை அளவீடுகள் காட்டின.

தென்பகுதியில் தேவையும் அதிகம். சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை மிகையாக இறைத்ததால் இருபதாம் நூற்றாண்டில் தரை தாழ்ந்தது. சான் ஓசேயில் சில இடங்களில் ஏறத்தாழ 13 அடி. அதையொட்டிய உப்பளங்களும் தாழ்ந்தன. அவற்றை மேடாக்க அதிக வண்டல் வேண்டும்.

இதற்கு ஒரு தீர்வு தூர்வாரிய சேறு. கப்பல் வழிகளை ஆழப்படுத்த எடுக்கும் சேற்றின் பெரும்பகுதி முன்பு கடலிலோ விரிகுடாவின் ஆழமான இடங்களிலோ கொட்டப்பட்டது. நொவாட்டோவில் இருந்த ஹாமில்டன் விமானத்தளத்தில், 50 இலட்சம் கன கெஜத்துக்கும் மேற்பட்ட சேற்றைப் பரப்பித் தரையை உயர்த்திய பின், 2014இல் கரை உடைக்கப்பட்டது. ஓடுபாதை இருந்த இடத்தில் இன்று ஓதம் ஏறி வற்றுகிறது.

இங்கே சட்டம் ஒரு முரணைச் சந்தித்தது. விரிகுடாவில் மண் இடுவதே கேடு என்ற அடிப்படையில் 1965இல் சட்டம் எழுதப்பட்டது. இப்போது வாழிடத்தைக் காக்கவே மண் இட வேண்டியுள்ளது. எனவே 2019இல் ஆணையம் தன் திட்டத்தைத் திருத்தி, வாழிட மீட்புக்காக மண் இடுவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

கடல்மட்ட உயர்வும் நிதியும்

கோல்டன் கேட்டில் 1854 முதல் ஓதம் தொடர்ந்து அளக்கப்படுகிறது. கடந்த நூறாண்டில் கடல்மட்டம் அங்கே ஏறத்தாழ 8 அங்குலம் உயர்ந்துள்ளது. மாநில அரசின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 2050க்குள் மேலும் 0.8 அடி உயரலாம். 2100ஐப் பொறுத்தவரை கணிப்புகள் பரந்தவை. மிகை நிலையில் 6.6 அடி வரை செல்கின்றன.

2016 ஜூனில் ஒன்பது மாவட்டங்களின் வாக்காளர்களும் ஒரே வாக்கெடுப்பில் பங்கேற்று, ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஆண்டுக்கு 12 டாலர் வரி செலுத்த ஒப்புக்கொண்டனர். தேவைப்பட்டது மூன்றில் இரு பங்கு ஆதரவு. கிடைத்தது ஏறத்தாழ 70 விழுக்காடு. இவ்வரி 20 ஆண்டுகளில் 50 கோடி டாலர் திரட்டும். ஆனால் 2050 வரை கரையைக் காக்க ஏறத்தாழ 11,000 கோடி டாலர் தேவைப்படும் என்று 2023இல் மண்டல அமைப்புகள் மதிப்பிட்டன. எதுவும் செய்யாவிட்டால் இழப்பு இதைப்போல் இருமடங்குக்கும் மேல் என்றும் அதே மதிப்பீடு கூறியது.

2023இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், கரையோர நகரங்களும் மாவட்டங்களும் 2034க்குள் கடல்மட்ட உயர்வுக்கான திட்டங்களை வகுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்கான பொது வரையறைகளை ஆணையம் 2024 டிசம்பரில் ஏற்றது. ஓர் ஊர் சுவர் எழுப்பினால் அங்கே தடுக்கப்படும் நீர் அடுத்த ஊரில் உயரக்கூடும் என்பதால், தனித்தனியாகத் திட்டமிடுவது போதாது. 1961இல் நிரப்புதலைப் பற்றி எழுந்த அதே கேள்வி இப்போது சுவர்களைப் பற்றி எழுகிறது.

எந்தக் கரையை முதலில் காப்பது என்பதும் விவாதத்துக்குரியது. தாழ்ந்த கரைகளில் பல, பழைய தொழிற்சாலைகளுக்கும் கப்பல் தளங்களுக்கும் அருகே எளிய மக்கள் வாழும் பகுதிகளாகும். சான் பிரான்சிஸ்கோவின் ஹண்டர்ஸ் பாயிண்ட் கடற்படைத் தளம் 1989இல் நாட்டின் மிக மாசடைந்த இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடல் உயரும்போது அதனுடன் நிலத்தடி நீரும் உயரும். மண்ணில் புதைந்துள்ள நச்சுப்பொருட்கள் அந்நீரில் கலந்து வெளிவரலாம். வெளியே நிற்கும் சுவரால் இதைத் தடுக்க இயலாது. அத்தகைய இடங்களில் கரைச் சீரமைப்பு என்பது முதலில் மண்ணைத் தூய்மையாக்குவதிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.